கல்லாப் பெட்டி சிதறிய கதை

சென்னை ஸ்பென்ஸர்ஸ் ஒரு காலத்தில் ஒரே முதலாளியின் ஒரே கடை. தீ விபத்துக்குப் பிறகு அது பல நூறு பேர் கூறு போட்டு வாங்கிய வணிக வளாகம். அந்தக் கூறுகள்தான் இன்று அதன் தலைவலி.

பிற்பகல் 3 மணி. அண்ணா சாலையில் வெயில் தாரை இளக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பென்ஸர் பிளாசாவுக்குள் நுழைபவரை முதலில் வரவேற்பது குரல்கள்தான். போனுக்கு உறை வேண்டுமா, திரைக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டுமா, பழைய போன் விற்க வேண்டுமா? சில தப்படிகள் தள்ளி, கம்பளங்களும் காகிதக் கூழ்ப் பெட்டிகளும் அடுக்கிய காஷ்மீரிக் கடை. வெளிநாட்டுப் பயணி யாராவது தென்பட்டால் கடைக்காரர் எழுந்து நிற்கிறார். மற்ற நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் தேய்க்கிறார். உள்ளே போகப் போகக் குரல்கள் குறைகின்றன, இறக்கிவிடப்பட்ட ஷட்டர்கள் கூடுகின்றன. திறந்திருக்கும் கடைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே மனையில் வாடிக்கையாளரை எவராவது கூவி அழைத்திருந்தால் அன்று மாலையே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்கள். ஸ்பென்ஸர்ஸில் கூவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் கோச்சு வண்டி நின்றால், இறங்குபவர் எங்கே போகிறார் என்பது வண்டிக்காரருக்கே தெரிந்திருந்தது.

1860களின் தொடக்கத்தில், 1863ஐ ஒட்டி, சார்லஸ் டுராண்ட் என்ற ஆங்கிலேயரும் ஜே.டபிள்யூ. ஸ்பென்ஸரும் சென்னையில் தொடங்கிய கடை அது. பெயர் ஸ்பென்ஸருடையது, பெருமை வேறொருவருக்குச் சேரும். யூஜீன் ஓக்‌ஷாட், இதே கடையில் ஊழியராகச் சேர்ந்து 1880களில் அதை வாங்கியே விட்டவர். டபிள்யூ.என். போக்ஸன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1895 வாக்கில் மவுண்ட் ரோட்டில் ஒரு மாளிகையை எழுப்பினார். செந்நிறக் கட்டடம், வளைவுகள், கோபுரங்கள். உயர் நீதிமன்றமும் எழும்பூர் அருங்காட்சியக வளாகமும் நினைவுக்கு வரும் அந்த இந்தோ-சாரசெனிக் பாணி. அரசாங்கம் தன் அதிகாரத்தைக் காட்டப் பயன்படுத்திய பாணியில் ஒருவர் பலசரக்குக் கடை கட்டியது சற்றுத் துணிச்சலான காரியம்தான். 1897ல் ஸ்பென்ஸர் அண்டு கம்பெனி பொது நிறுவனமானது. ஆசியாவிலேயே மிகப் பெரிய கடை என்று அதைச் சொன்னார்கள்.

மருந்து, மது, துணி, தொப்பி, துப்பாக்கி ரவை, பிஸ்கட், கண்ணாடிச் சாமான் என்று அங்கே கிடைக்காதது எது என்று பட்டியல் போடுவது சுலபம். ஆனால் அந்தக் கடையைக் கடையாக்கியது சரக்கு அல்ல. பாரிஸில் அரிஸ்டைட் புசிக்கோ 1852ல் போன் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு இது: பேரம் கிடையாது, பொருளில் விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும், வாங்காவிட்டாலும் சுற்றிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். இவற்றை எல்லோரும் கவனிக்கிறார்கள். கவனிக்காதது ஐந்தாவது அம்சம்: எத்தனை துறைகள் இருந்தாலும் கல்லா ஒன்றுதான். கையுறை விற்கும் துறை நஷ்டத்தில் ஓடலாம். அதைத் தேடி வரும் சீமாட்டி பட்டுத் துணியும் வாங்கிப் போவாள் என்பது முதலாளிக்குத் தெரியும். ஒரு துறையின் லாபம் இன்னொரு துறையின் விளக்கை எரிக்கும். பெருங்கடையின் ரகசியமே இந்த உள்கணக்குதான்.

ஓக்‌ஷாட்டும் அவருக்குப் பின் வந்தவர்களும் இந்தக் கல்லாவைத் தென்னிந்தியா முழுவதற்கும் நீட்டினார்கள். மலைத் தோட்டத்துத் துரைமார்களின் பங்களாக்களுக்கு ஸ்பென்ஸர் பெட்டிகள் ரயிலேறிப் போயின. கடையை ஒட்டியிருக்கும் கன்னிமாரா ஹோட்டல், பெங்களூரின் வெஸ்ட் எண்ட், ஊட்டியின் சவாய் எல்லாம் அதன் குடையின் கீழ் வந்தன. ரயில் நிலையச் சிற்றுண்டி அறைகளில் அதன் ஆட்கள் பரிமாறினார்கள். திண்டுக்கல்லில் சுருட்டு உருட்டினார்கள். சர்ச்சிலுக்குப் பிடித்த சுருட்டு என்ற கதை அதை ஒட்டியதுதான். சாதாரணத் தமிழனுக்கு அந்த மாளிகையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் ஸ்பென்ஸர் சோடா தெரியும். திருவனந்தபுரத்தில் இன்றும் ஒரு நாற்சந்திக்கு ஸ்பென்ஸர் ஜங்ஷன் என்றே பெயர்.

சாதாரணத் தமிழன் என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. கதவில் பலகை எதுவும் தேவைப்படவில்லை. பொருளின் மேல் ஒட்டிய விலை, ஊழியர் பேசிய மொழி, உள்ளே நடமாடியவர்களின் காலணி, இவை போதும். அவனுக்கான கடை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்தது: மூர் மார்க்கெட். பழைய புத்தகமும் கிளியும் கிராமபோன் தட்டும் அங்கே பேரம் பேசி வாங்கலாம். ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரே செந்நிறத்தில் இரண்டு அங்காடிகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாம்பலாகவிருந்தன.

அதற்கு முன்பே ஸ்பென்ஸர்ஸுக்கு வயதாகிவிட்டது. விடுதலைக்குப் பிறகு துரைமார்கள் கப்பலேறினார்கள். 1950களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதிக்குப் பூட்டு விழுந்தது. வெளிநாட்டுச் சரக்கின் பெயரால் நின்ற கடைக்கு வெளிநாட்டுச் சரக்கே இல்லை. சரக்கு நகரத்தைவிட்டுப் போய்விடவில்லை என்பதுதான் வேடிக்கை. 1960களின் இறுதியில், பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் முளைத்தது. சென்ட், பொம்மை, டேப் ரிக்கார்டர், சிகரெட் எல்லாம் அங்கே நடைபாதைப் பெட்டிக்கடைகளுக்கு வந்துசேர்ந்தன. பளிங்குத் தரையில் விற்றதை மக்கள் தெருவில் நின்று, அதுவும் பேரம் பேசி, வாங்கினார்கள். மவுண்ட் ரோட்டுக் கடை தன் பெயரையும் மரச் சாமான்களையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியது.

1983ல் தீ. போக்ஸனின் மாளிகை எரிந்து கூடானது. இரண்டே ஆண்டில், 1985 மே மாதம், மூர் மார்க்கெட்டும் எரிந்தது. சென்னைக்கு இது பழகிப்போன காட்சி. ஸ்பென்ஸர்ஸுக்கு அருகே நிற்கும் எல்.ஐ.சி. கட்டடத்தை 1975லேயே தீ பிடித்தது. ஆனால் அது பழுது பார்க்கப்பட்டது; இன்றும் அலுவலகமாகவே இருக்கிறது. அதற்கு ஒரே சொந்தக்காரர், ஒரே வேலை. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வே தன் புறநகர் நிலையக் கட்டடத்தை எழுப்பியது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அங்கே பழைய புத்தகம் கிடைக்கிறது, பழைய கூட்டம் கிடைக்கவில்லை.

ஸ்பென்ஸர் மனைக்கு வேறு விதி. 1989ல் நிறுவனம் ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்கு வந்தது. எரிந்த இடத்தில் வணிக வளாகம் எழுந்து, 1991ல் முதல் கட்டம் திறந்தது. பொருளாதாரத்தின் கதவைத் தில்லி திறந்துவிட்ட அதே ஆண்டு. ஜோசியம் பார்த்துத் தேதி குறித்திருந்தாலும் இப்படிப் பொருந்தியிருக்காது. பின்னர் இரண்டாவது கட்டம், மூன்றாவது கட்டம் என்று வளர்ந்து பத்து லட்சம் சதுர அடியைத் தொட்டது. இந்தியாவின் முதல் மால் என்று சென்னைவாசிகள் சொல்லிக்கொண்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதை மறுக்கலாம். ஆனால் மால் என்ற சொல்லைத் தமிழர்களில் பெரும்பாலோர் முதன்முதலில் கேட்டது இந்தக் கட்டடத்தோடு சேர்த்துத்தான்.

1990களில் அங்கே போய்வந்தவர்களுக்கு எதை நினைவூட்டுவது? நகரும் படிக்கட்டில் முதல் காலை வைக்கத் தயங்கி நின்ற பாட்டிகளையா? எதுவும் வாங்காமல் குளிரூட்டிக்காகவே மணிக்கணக்கில் சுற்றிய கல்லூரி மாணவர்களையா? வெளியூர் உறவினர் வந்தால் மெரினா, வள்ளுவர் கோட்டம், அடுத்து ஸ்பென்ஸர் பிளாசா. பிறகு லேண்ட்மார்க் புத்தகக் கடை வந்தது, மியூசிக் வேர்ல்டு வந்தது, வெஸ்ட்சைடு வந்தது. காசெட்டும் சி.டி.யும் வாங்காவிட்டாலும் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டுப் போக முடிந்த காலம் அது. ஓக்‌ஷாட்டின் மாளிகை ஒரு நூற்றாண்டில் செய்யாததைப் பிளாசா சில மாதங்களில் செய்தது: யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றாக்கியது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அஸ்திவாரத்திலேயே ஒரு முடிச்சு விழுந்திருந்தது. மால் என்றால் என்ன, அதை எப்படி நடத்துவது என்று நாட்டில் யாருக்கும் தெரியாத காலம். கட்டடம் கட்டுபவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கட்டு, சதுர அடிக் கணக்கில் விற்று முதலை எடு. வீடுகளை விற்பதுபோலவே கடைகளையும் விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும் முதலாளிகளும் இருந்தார்கள்; கையிலிருந்ததையெல்லாம் போட்டு நூறு, இருநூறு சதுர அடி வாங்கிய சிறிய வியாபாரிகளும் இருந்தார்கள். மவுண்ட் ரோட்டில், அதுவும் ஸ்பென்ஸர்ஸில், சொந்தக் கடை. அதைவிடப் பத்திரமான சொத்து எது என்று அன்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

விளைவு: ஒரு கல்லா இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான கல்லாக்கள். முன்பு கையுறைத் துறையின் நஷ்டத்தைப் பட்டுத் துறை ஏற்றுக்கொண்டது. இப்போது பக்கத்துக் கடை மூடிக்கிடந்தால் அது பக்கத்துக் கடைக்காரரின் பாடு. பத்துப் பேர் ஒரே மாதிரியான கைப்பை விற்றால் தடுக்க யாரும் இல்லை. ஒரு தளத்துக்குக் கூட்டத்தை இழுக்கப் புத்தகக் கடை வேண்டும், அதற்கு வாடகையைக் குறைத்தாலும் பரவாயில்லை என்று சொல்ல யாரும் இல்லை; அந்தத் தளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு சொந்தக்காரர்.

பின்னால் வந்த மால்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன. கூப்பிடு தூரத்தில், எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில், 2010ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தது. ஒரே உரிமையாளர், கடைகள் வாடகைக்கு மட்டும். பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை குறைவு, ஏனென்றால் அது கூட்டத்தைக் கொண்டுவரும். அந்தக் கூட்டத்தில் பிழைக்கும் சிறிய கடைக்கு வாடகை அதிகம். சில சமயம் விற்பனையில் ஒரு பங்கே வாடகை. அதாவது ஓக்‌ஷாட்டின் உள்கணக்கு வேறு உடையில் திரும்பி வந்துவிட்டது. மேல் தளத்தில் திரையரங்குகள், பக்கத்தில் உணவுக் கூடம். ஸ்பென்ஸர் பிளாசாவில் கடைகள் உண்டு, திரையரங்கு கிடையாது. பொருள் வாங்க வருபவர் அரை மணியில் போய்விடுவார்; படம் பார்க்க வருபவர் நான்கு மணி நேரம் இருப்பார். புதிய மால்கள் விற்றது பொழுதை.

மயிலாப்பூரில் சிட்டி சென்டர் 2006லேயே வந்திருந்தது. அமைந்தகரையில் ஸ்கைவாக், வடபழனியில் ஃபோரம் விஜயா, வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் என்று 2013க்குள் நகரத்தின் நான்கு திசையிலும் மால்கள். வேளச்சேரிக்காரர் சட்டை வாங்க மவுண்ட் ரோட்டுக்கு ஏன் வர வேண்டும்? அவர் வர நினைத்த நாட்களிலும் மெட்ரோ ரயில் பணி அண்ணா சாலையைத் தோண்டிப் போட்டுப் போக்குவரத்தைச் சுற்றிவிட்டிருந்தது. 2019 பிப்ரவரியில் சாலைக்கு அடியில் ரயில் ஓடத் தொடங்கியபோது சாலை மீண்டது; வாடிக்கையாளர் வேறு இடத்துக்குப் பழகிவிட்டிருந்தார். சி.டி. செத்து மியூசிக் வேர்ல்டு சங்கிலியே 2013ல் மூடப்பட்டது. லேண்ட்மார்க்கும் போயிற்று. 2020ல் பெருந்தொற்று.

இவற்றையெல்லாம் பட்டியலிட்டுவிட்டு, காலம் மாறிவிட்டது என்று பெருமூச்சு விடுவது வழக்கம். அது பாதிக் காரணம். அண்ணா சாலையில் மற்ற கடைகளும் இதே காலத்தைத் தாண்டியிருக்கின்றன. கூறு போட்டு விற்ற வளாகம் எப்படிச் சாகிறது என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. குளிரூட்டி, மின்தூக்கி, நகரும் படிக்கட்டு, ஜெனரேட்டர், காவல், துப்புரவு இவற்றுக்கான செலவைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கடைக்காரர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். வியாபாரம் படுத்தால் சிலர் கடையை மூடுவார்கள். மூடிய கடைக்காரர் பராமரிப்புப் பணம் கட்டத் தயங்குவார். பாரம் மற்றவர்கள் தலையில். அவர்கள் முணுமுணுக்க, குளிரூட்டியின் நேரம் குறைகிறது. ஒரு படிக்கட்டு நிற்கிறது. ஒரு தளத்தில் பாதி விளக்கு எரிகிறது. இருட்டான தளத்துக்கு யார் வருவார்கள்? இன்னும் நாலு ஷட்டர் இறங்கும். இதில் யாரும் அயோக்கியர் இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் கல்லாவைப் பார்த்து நியாயமான முடிவுதான் எடுக்கிறார். குர்காவ் முதல் மும்பை வரை அந்தக் காலத்தில் கடை கடையாக விற்கப்பட்ட வளாகங்கள் பல இதே நோயில் படுத்திருக்கின்றன.

மற்ற பெருங்கடைகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால் ஸ்பென்ஸர்ஸின் வினோதம் இன்னும் தெளிவாகும். அதே சாலையில் அதற்குப் போட்டியாக இருந்தது ஒயிட்டவே லெய்ட்லா. கடன் கிடையாது, ரொக்கம் மட்டும் என்பது அதன் கொள்கை. வெள்ளைக்காரர்கள் அதன் பெயரைத் திரித்து ‘ரைட் அவே அண்டு பெய்டு ஃபார்’ என்று கேலி செய்வார்கள், உடனே காசை வை என்ற பொருளில். அந்தக் கட்டடம் பின்னர் விக்டரி ஹவுஸ் என்ற பெயரில் சுதேசமித்திரன் நாளிதழின் அலுவலகமானது. சீமைத் துணி விற்ற இடத்தில் சுதேசியின் பெயர் கொண்ட பத்திரிகை. அத்தோடு நிற்கவில்லை. பிறகு அதை வாங்கியது வி.ஜி.பி. கடிகாரத்தையும் ரேடியோவையும் மின்விசிறியையும் தவணை முறையில் கொடுத்து நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் நுழைந்த அதே வி.ஜி. பன்னீர்தாஸ் நிறுவனம். ரொக்கம் மட்டும் என்ற கடையின் கூரைக்குக் கீழே தவணை வியாபாரம்! கட்டடங்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது.

மும்பையில் ஒயிட்டவேயின் கட்டடம் காதி கடைக்குப் போனது. அங்கே 1954 முதல் காதி விற்பனை நிலையத்தை நடத்திய சங்கத்தின் சான்றிதழை, காதி அல்லாத துணியை விற்றதாகச் சொல்லி 2022ல் காதி ஆணையம் ரத்துசெய்தது. கொழும்புக் கோட்டையில் யார்க் தெருவில் 1906ல் எழுந்த கார்கில்ஸின் செங்கல் மாளிகை இன்னும் நிற்கிறது. போரும் குண்டுகளும் (1996 ஜனவரியில் மத்திய வங்கியில் வெடித்தது அங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான்) கோட்டைப் பகுதியை வெறிச்சோட வைத்தன. ஆனால் கார்கில்ஸ் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தது: 1983லேயே சூப்பர் மார்க்கெட் தொடங்கியிருந்தது. இன்று இலங்கைத் தமிழர்களுக்குக் கார்கில்ஸ் என்றால் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் ஃபுட் சிட்டிதான். மாளிகை சோர்ந்தாலும் கல்லா பிழைத்தது. சிங்கப்பூரின் ராபின்சன்ஸ், 1858ல் பிறந்தது, 1972 நவம்பரில் ராஃபிள்ஸ் பிளேஸில் தீக்கிரையாகி 9 உயிர்களைப் பறிகொடுத்தது. ஆர்ச்சர்ட் சாலைக்குப் போய் மீண்டது. இன்னும் 48 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2020 அக்டோபரில் கடையை மூடுவதாக அறிவித்தபோது மக்கள் வரிசையில் நின்று கடைசிச் சரக்கை வாங்கினார்கள். வளர்ந்தாலும் வீழ்ந்தாலும் இவை ஒரே உடலாக வளர்ந்தன, வீழ்ந்தன. ஸ்பென்ஸர்ஸ் மட்டும் பெயர் ஒரு பக்கம், மனை இன்னொரு பக்கம் என்று பிரிந்தது. பெயர் கல்கத்தாவைத் தலைமையகமாகக் கொண்ட குழுமத்தின் சில்லறை வணிகச் சங்கிலிக்குப் போய்விட்டது. மனை அண்ணா சாலையிலேயே நிற்கிறது.

சரி, ஒரே சொந்தக்காரர் இருந்துவிட்டால் போதுமா? மைசூர் இதற்கு எதிர்ச் சாட்சி சொல்லும். மார்டள்ளிப் பக்கத்துத் தமிழர்கள் உட்பட அந்த வட்டாரத்தார் அனைவரும் அறிந்த தேவராஜ மார்க்கெட்டுக்கும், அருகில் வைஸ்ராய் லான்ஸ்டவுன் வருகையை ஒட்டி 1892ல் எழுந்த லான்ஸ்டவுன் கட்டடத்துக்கும் பல காலமாக நகராட்சி ஒன்றுதான் சொந்தக்காரர்; கடைக்காரர்கள் வாடகைதாரர்கள். 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில், பழுது பார்க்கும் வேலை நடக்கும்போதே, மார்க்கெட்டின் வடக்கு வாயில் இடிந்தது. இடித்துக் கட்டுவதா, செப்பனிடுவதா என்ற வழக்கு நீதிமன்றம்வரை போய் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வாடகையை வாங்குபவருக்கும் கூரையைப் பார்ப்பவருக்கும் இடையே தொடர்பு அற்றுப்போனால் ஒற்றை உரிமையும் காப்பாற்றுவதில்லை. அங்கே முடிவெடுக்கக்கூடியவர் எடுக்கவில்லை. சென்னையில் எடுக்கக்கூடியவரே இல்லை.

பெருங்கடை என்ற வடிவம் தமிழ்நாட்டில் அழிந்துவிட்டதா என்றால், அண்ணா சாலையில் நின்று பார்ப்பவருக்கு மட்டுமே அப்படித் தோன்றும். தியாகராய நகர் போனால் கதை வேறு. ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடையாக வேரூன்றிய சரவணா ஸ்டோர்ஸ் அடுக்கடுக்காக ஏறி, உப்பு முதல் தங்கம்வரை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. போத்தீஸ், ஜெயச்சந்திரன் என்று அந்தப் பாணி பெருகியது. பொருளில் விலை ஒட்டியிருக்கும், பேரம் இல்லை. வெளியே விற்கும் விலையைவிட ஒரு ரூபாய் குறைத்துக் கொடுக்கும் பாத்திரத்தின் நஷ்டத்தை மேல் மாடிப் பட்டுப்புடவை ஈடுகட்டும். கல்லாவில் குடும்பத்து ஆள். புசிக்கோவும் ஓக்‌ஷாட்டும் வந்து பார்த்தால் கூட்டத்தைக் கண்டு மிரளலாம். கணக்கு அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஸ்பென்ஸர்ஸ் வாசலில் தயங்கி நின்றவனின் பேரன் இங்கே முண்டியடித்து உள்ளே போகிறான்.

இந்தக் கல்லாவுக்கு வேறொரு விலை இருந்தது. தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வரும் பையன்களும் பெண்களும் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே விற்றார்கள். 2010ல் வசந்தபாலனின் அங்காடித் தெரு படம் வந்த பிறகுதான் வாடிக்கையாளர்கள் அவர்களின் கால்களைப் பார்த்தார்கள். விற்பனை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018ல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் பின்தொடர்ந்தது. ஒரு மனிதன் உட்காருவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. ஸ்பென்ஸர் பிளாசாக் கடைக்காரரின் பாடு இதற்கு நேர் எதிர். அவருக்கு உட்கார ஸ்டூல் உண்டு, யாரும் தடுக்க மாட்டார்கள், வாடிக்கையாளர் மட்டும் இல்லை.

இப்போது அந்தக் கட்டடத்தின் பயன்பாடு சத்தமில்லாமல் மாறிவருகிறது. மூன்றாவது கட்டத்தின் மேல் தளங்களில் முதலிலிருந்தே அலுவலகங்கள் உண்டு. கழுத்தில் அடையாள அட்டை தொங்க மின்தூக்கிக்குக் காத்திருப்பவர்கள் கீழே உள்ள கடைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்ப்பதும் டீக்கும் சாப்பாட்டுக்கும்தான். அவர்கள்தான் இன்று இந்த வளாகத்தின் உயிர் என்று சொன்னால் மிகை இல்லை. கீழ்த் தளங்களில் தாக்குப்பிடிப்பது பழுது பார்க்கும் தொழில். புதிய போனை இணையத்தில் வாங்குகிறார்கள், உடைந்த திரையை இணையத்தில் ஒட்ட முடியாது. உடைந்ததை எடுத்துக்கொண்டு வர அண்ணா சாலை இன்னும் வசதியான இடம். காஷ்மீரிக் கடைகள் பக்கத்து நட்சத்திர ஹோட்டல்களில் தங்கும் பயணிகளை நம்பி இருக்கின்றன. ஓக்‌ஷாட்டின் காலத்தைப் போலவே கன்னிமாராவின் விருந்தினர் நடந்து வந்து பொருள் வாங்கும் தூரம்.

முழுவதையும் அலுவலகமாக மாற்றிவிட்டால் என்ன? இடித்துவிட்டு உயரமாகக் கட்டினால் என்ன? மனையின் மதிப்பைப் பார்த்தால் எந்தக் கட்டட நிறுவனத்துக்கும் நாவில் நீர் ஊறும். ஆனால் அதற்கு ஒவ்வொரு துண்டின் சொந்தக்காரரும் சம்மதிக்க வேண்டும். அவர்களில் சிலர் வெளிநாட்டில் இருக்கலாம், சிலர் இறந்து வாரிசுகள் வழக்காடிக்கொண்டிருக்கலாம், சிலர் கடையை அடகு வைத்திருக்கலாம். பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று தமிழக அரசு 2022ல் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2024 ஆகிவிட்டது. முப்பது வீடுகள் உள்ள குடியிருப்பிலேயே அந்த மூன்றில் இரண்டு பங்கைத் திரட்டுவது பெரும்பாடு என்பது சென்னையில் சங்கக் கூட்டங்களுக்குப் போன எவருக்கும் தெரியும்.

பெரிய சொந்தக்காரர்களால் காத்திருக்க முடியும். அலுவலக வாடகை வந்துகொண்டிருக்கிறது. மனையின் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. 1990களில் இருநூறு சதுர அடியை வாங்கியவருக்கு இப்போது வயது அறுபது, எழுபது. அவருடைய கடைக்கு முன்னால் நடந்து போகிறவர்கள் இல்லாததால் வாடகைக்கு எடுக்க ஆள் வருவதில்லை. விற்கலாமென்றால், வாங்க வருபவர் கேட்கும் விலை இருண்ட இடைகழியின் விலை. அவர் மனதில் இருப்பது மவுண்ட் ரோட்டு மனையின் விலை. இரண்டுக்கும் நடுவே உள்ள தொகைதான் அவர் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நினைத்த சொத்து. பராமரிப்புக் கட்டணச் சீட்டு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. சிலர் கட்டிவிட்டுக் கடையைத் திறக்கிறார்கள். மாலை 7 மணிக்கு மேல், அவரவர் பூட்டு, அவரவர் சாவி என்று ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்குகின்றன.